ஆறு பேருக்குத்தான் அம்மை

டாக்டர் சிவஞானம் கெட்ட மனுஷர் இல்லை. இதை முதலிலேயே சொல்லி வைப்பது நல்லது. கதை போகப் போக உங்களுக்கே அதில் சந்தேகம் வரும், அவருக்கும் வந்தது.

எல்.எம்.பி. டாக்டர் படிப்பு முடித்துவிட்டுக் கும்பகோணத்தில் பத்து வருஷம் பிராக்டீஸ் பண்ணினார். அங்கே நோயாளிகளைவிட டாக்டர்கள் அதிகமாகிவிட்டதால் அந்தமானுக்கு மனுப் போட்டார். அவரைக் கொண்டுபோய்ப் போட்ட இடம் கட்டைத் தீவு. வரைபடத்தில் அதற்கு யாரோ ஒரு வெள்ளைக்காரக் கேப்டனின் பெயர் இருக்கிறது. மரம் வெட்டப் போன நம் ஆட்களுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. கட்டைத் தீவு என்று வைத்துவிட்டார்கள். லாங் ஐலண்டைத் தாண்டி இன்னும் கொஞ்சம் போக வேண்டும். ஒரு மர டிப்போ, ஒரு ரேஷன் கடை, வயர்லெஸ் வைத்த ஒரு போலீஸ் சௌக்கி, இருநூறு சொச்சம் குடும்பம், ஒரு டிஸ்பென்சரி, அவ்வளவுதான் ஊர். வியாழக்கிழமை தோறும் போர்ட் பிளேயரின் ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து ஒரு கப்பல் வரும். அரிசி, வெங்காயம், கடுதாசி, மருந்து, மனுஷர்கள் எல்லாம் அதில்தான் வந்தாக வேண்டும்.

அறுபத்து மூன்றாம் வருஷம் போர்ட் பிளேயரில் 'தொற்றுநோய் வாரக் கணிப்புப் பிரிவு' என்று ஒன்றைத் திறந்தார்கள். எந்த ஊரில் என்ன நோய் புறப்படுகிறது என்பது அந்த ஊர் டாக்டருக்குத்தான் முதலில் தெரியும். அவர் வாரம் ஒரு கார்டு எழுதிப் போட்டால், நோய் பரவுவதற்குள் சர்க்கார் போய் நிற்கலாம். யோசனை நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. அதை ஓர் ஆபீசுக்குள் விட்டு, நாலு நாற்காலியும் ஒரு அதிகாரியும் போட்டபோதுதான் விபரீதம் ஆரம்பித்தது.

அதிகாரியின் பெயர் திருநாவுக்கரசு. அவர் டாக்டர் இல்லை. அதற்கு முன்னால் மரக்கட்டைகளுக்கு நம்பர் அடிக்கும் வேலையில் இருந்தவர். கட்டையோ காய்ச்சலோ, எண்ணினால் எல்லாம் ஒன்றுதான் என்பது அவருடைய கொள்கை. மஞ்சள் நிறத்தில் கார்டு அச்சடித்தார். காய்ச்சல், இருமல், சீதபேதி, பொன்னுக்கு வீங்கி, கக்குவான், அம்மை என்று கட்டம் கட்டமாக இருந்தது. பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு விதி. எந்தக் கட்டத்திலாவது ஏழோ அதற்கு மேலோ வந்தால் அது தொற்றுத் தீவு. அடுத்த கார்டில் எண்ணிக்கை குறைந்ததாகத் தெரியும்வரை கப்பல் அங்கே ஜெட்டியைத் தொடாது. இது முதல் விதி. கார்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்குத்தான் மருந்தும் பால் பவுடரும் என்பது இரண்டாவது.

சிவஞானம் அப்போது யோக்கியமான டாக்டர். முதல் மாசமே ஊரில் எட்டுப் பேருக்குத் தாடை வீங்கியது. எட்டு என்று எழுதி அனுப்பினார். அடுத்த வியாழன் ஊரே ஜெட்டியில் நின்றது. கப்பல் வந்தது, ஊதியது, அப்படியே வடக்கே போய்விட்டது. டெக்கிலிருந்து யாரோ கைகூட ஆட்டினார்கள். வீங்கிய தாடைக்கான மருந்தும் அந்தக் கப்பலில்தான் இருந்தது.

சரி, தாடையெல்லாம் வடிந்துவிட்டது என்று கார்டு எழுதினார். எதில் அனுப்புவது? கப்பல்தான் நிற்காதே! சௌக்கி வயர்லெஸ்ஸில் சொல்லிப் பார்த்தார். வாயால் சொல்வது கார்டு ஆகாது என்று பதில் வந்தது. மூன்று வாரம் இப்படியே போனது. ஊரில் பருப்பு தீர்ந்தது, பிறகு மண்ணெண்ணெய் தீர்ந்தது, பிறகு மரியாதை தீர்ந்தது. மூன்றாவது வாரக் கடைசியில், "கார்டு அனுப்பத் தவறியதற்கு விளக்கம் தரவும், புதிய கார்டு வராததால் தாடை வீக்கம் எட்டு நபர்களிடம் நீடிப்பதாகக் கொள்ளப்படும்" என்று வயர்லெஸ்ஸில் ஒரு மெமோ வந்தது.

கடைசியில் கம்பவுண்டர் பக்கிரிசாமி ஒரு வழி கண்டுபிடித்தார். கார்டை டால்டா டப்பாவில் போட்டு மெழுகால் அடைத்து, டுங்கிப் படகில் துடுப்புப் போட்டுப் போய், கப்பல் கடந்து போகும்போது மூங்கில் கழியில் கட்டி மேலே நீட்டினார்கள். டப்பா போர்ட் பிளேயர் போய்ச் சேர்ந்தது. தொற்றுத் தீவிலிருந்து வந்த கார்டு என்பதால் அதை ஏழு நாள் வெயிலில் காய வைத்துவிட்டுத்தான் படித்தார்களாம். ஐந்தாவது வாரம் கப்பல் நின்றது.

அன்றைக்கு ரேஷன் கடைக்காரர் பன்னீர்செல்வம் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்தபடி டாக்டரைக் கூப்பிட்டார். "டாக்டர் சாப், ஒங்களுக்கு எண்ணத் தெரியும்னு எங்களுக்குத் தெரியும். அதுக்காக எல்லாத்தையும் எண்ணணுமா? பச்சா லோக், சின்னப் புள்ளைங்க, அஞ்சு வாரமா வெறுஞ்சோறு தின்னுதுங்க."

பக்கிரிசாமியும் நாகப்பட்டினத்துக் குரலில் மெதுவாகச் சொன்னார். "ஆறுன்னு எழுதுனா என்னாங்கய்யா கொறஞ்சு போவுது? ஆறும் நம்பர்தானே."

ஆறு என்று எழுதினார். அடுத்த வாரமும் ஆறு. எதற்கும் வம்பு வேண்டாமென்று காய்ச்சல் ஆறு, இருமல் ஆறு, பேதி ஆறு. முதல் முறை எழுதும்போது டாக்டருக்குக் கை கூசியது. நாலாவது முறை கூசவில்லை. கூசாதது எப்படி என்று ராத்திரியெல்லாம் யோசித்தார். பத்தாவது முறைக்குப் பிறகு அதையும் யோசிக்கவில்லை.

ஊர் ஜனங்கள் இதை எவ்வளவு சீக்கிரம் பழகிக்கொண்டார்கள் என்று நினைக்கிறீர்கள்! அவர்கள் கப்பல் டிக்கெட்டுக்குக் காத்துக் கிடந்து பழகியவர்கள். மெயின்லேண்ட் போக வேண்டுமென்றால் மூன்று மாசம் முன்னால் பெயர் கொடுத்து, வெயிட்டிங்கில் இருந்து, யாராவது போகாமல் நின்றால் ஏறிக்கொள்கிற ஜாதி. நோய்க்கட்டத்தையும் அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். டிஸ்பென்சரிக்கு வந்தால் உடம்புக்கு என்ன என்று சொல்வதில்லை.

"ஐயா, இந்த வாரம் பேதியில எடம் இருக்கா?"

"பேதி நிறைஞ்சுபோச்சு. வெயிட்டிங் நாலு" என்பார் டாக்டர்.

"இருமல்ல?"

"இருமல்ல ஒண்ணு காலி."

"அப்ப இருமல்லயே போட்டுக்குங்க. பால் பவுடர் ஒண்ணுதானே!"

பன்னீர்செல்வம் தலைமையில் ஒரு கமிட்டிகூட ஏற்பட்டது. கர்ப்பிணிகளுக்கு முன்னுரிமை, சிபாரிசு கிடையாது, குணமான பிறகும் கட்டத்தை விட்டு இறங்காமல் இருப்பவர்களுக்குக் கண்டனம். இதையெல்லாம் டாக்டர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருப்பார். மருந்து ஆறு பேருக்குத்தான் வரும். அதில் தண்ணீர் சேர்த்து இருபது பேருக்குக் கொடுப்பார். கொடுக்கும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

ஆபீசிலிருந்து மாசா மாசம் ஒரு கட்டுச் சுற்றறிக்கை வரும். வந்ததற்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார், பிரிக்க மாட்டார். அந்த ஆபீசின் எழுத்தைப் பார்த்தாலே கம்பவுண்டர் பக்கம் தள்ளிவிடுவார். நல்ல கனத்த தாள், பொடி சிந்தாது என்று பக்கிரிசாமி அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி மருந்துப் பொட்டலம் மடித்தார். டாக்டர் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

அறுபத்தைந்தில் திருநாவுக்கரசு நேரில் பார்வையிட வந்தார். மர டிப்போவில் கூட்டம், மாலை, இளநீர். அவர் பேசினார் பாருங்கள்!

"கட்டைத் தீவு மக்களே! சென்ற வருஷம் உங்கள் காய்ச்சல் ஆறு. இந்த வருஷமும் ஆறு. மழையிலும் ஆறு, வெயிலிலும் ஆறு. இதல்லவா நிர்வாகம்! ஆரம்பத்தில் சில தீவுகளில் நோய் தன் இஷ்டத்துக்கு ஏறியது, இறங்கியது. ஒரு நோய் என்றால் அதற்கொரு கட்டுப்பாடு வேண்டாமா? இன்று என் பிரிவின் கீழ் உள்ள பதினொரு தீவுகளும் ஆறில் வந்து நிற்கின்றன. எப்படி நின்றன என்று கேட்கிறார்கள். நான் கேட்கவில்லை. நான் டாக்டர் அல்ல. அதனால் நோயாளிகள் எனக்குக் குறுக்கே வருவதில்லை. எண்களை நேராகப் பார்க்க முடிகிறது."

கைதட்டினார்கள். பின்வரிசையில் ஓர் ஆளுக்கு இருமல் வந்தது. பன்னீர்செல்வம் திரும்பி முறைத்தார். அந்த ஆள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு கடற்கரைக்கு ஓடிப்போய் இருமிவிட்டு வந்தார். டாக்டருக்கு முன்மாதிரிக் கணிப்பாளர் என்று ஒரு சான்றிதழ் கிடைத்தது. அதைச் சுவரில் மாட்டச் சொன்னார்கள், பக்கிரிசாமி மாட்டினார்.

இதுவரை சிரித்துக்கொண்டு வந்தோம். டாக்டரும் தன்னை ஒரு மாதிரியாகச் சமாதானப்படுத்திக்கொண்டுதான் வந்தார். ஊருக்காகத்தானே எழுதுகிறோம், நமக்காகவா?

அறுபத்தாறு மார்ச்சில் அவருடைய மனைவி நீலாவதியிடமிருந்து கடிதம் வந்தது. இரண்டரை வருஷமாகக் கும்பகோணத்தில் படுக்கையில் கிடந்த தகப்பனாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போய்விட்டார், காரியமெல்லாம் முடிந்தது, இனி உங்களோடுதான் என்று எழுதியிருந்தாள். மெட்ராஸ் கப்பலில் வந்து, ஃபீனிக்ஸ் பேயில் மாறி, ஏப்ரல் இரண்டாவது வியாழன் கட்டைத் தீவில் இறங்குகிறாள். டாக்டர் அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். ஐம்பது வயது மனுஷர் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொண்டார்.

அந்த மாசக் கடைசியில் ஊரில் அம்மை போட்டது. தட்டம்மை. முதலில் மூன்று பிள்ளைகள், பிறகு ஆறு, பிறகு வரிசையாக.

ஏப்ரல் முதல் வியாழன். கார்டு எழுத வேண்டும். அன்றைக்கு எழுதுகிற கார்டுதான் அடுத்த வியாழன் கப்பல் நிற்குமா, போகுமா என்று முடிவு செய்யும். நோட்டில் பதினேழு பெயர் இருந்தது. ஆறு கட்டத்தில், பதினொன்று வெயிட்டிங்கில். கடைசிப் பெயர் சரசு, வயது நாலு. கட்டை இழுக்கிற கந்தனின் மகள். முந்தின நாள் புதன்கிழமைதான் அவள் அம்மா புஷ்பம் தூக்கிக்கொண்டு வந்தாள்.

டாக்டர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வாரம் யோசிக்காமல் ஆறு போட்ட கை அன்றைக்கு நின்றது. ஏனென்றால் அன்றைக்கு அது ஊருக்காக இல்லை. நீலாவதி டெக்கில் நின்றபடி ஜெட்டி கடந்து போவதைப் பார்ப்பாள், வடக்கே அடுத்த துறையான, முன்பின் தெரியாத மாயாபந்தரில் தனியாக இறங்குவாள் என்பதுதான் அவர் கண்முன் நின்றது. அம்மைக் கட்டத்தில் ஆறு என்று எழுதினார். எழுதியதும் பேனாவைத் துடைத்து மூடினார்.

திங்கட்கிழமை சரசுவுக்கு நெஞ்சில் சளி இறங்கியது. விலா உள்ளே இழுத்தது. ஆறு பேருக்கு வந்த பென்சிலினில் மிஞ்சியது ஒரே ஒரு குப்பி. அதைப் போட்டார். வெயிட்டிங்கில் இருக்கிற பிள்ளைக்குப் போட்டுவிட்டாரே என்று கமிட்டி முணுமுணுத்தது.

"பொழச்சுக்குவாளா ஐயா?" என்றாள் புஷ்பம்.

"மருந்து இருந்தாப் பொழச்சுக்குவா" என்றார் டாக்டர். அது உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை காலையில் சௌக்கிக்கு ஓடினார். கூடுதல் பென்சிலின் உடனே வேண்டும் என்று வயர்லெஸ் அனுப்பச் சொன்னார். அரை மணியில் பதில் வந்தது. போலீஸ்காரர் எழுதி நீட்டிய தாளில் ஒரே வரிதான் இருந்தது: "அம்மை எண்ணிக்கை ஆறைத் தாண்டிவிட்டதா? ஆம் அல்லது இல்லை."

இந்த இடத்தில் அவரைக் கொஞ்சம் பாருங்கள். நோய் இறங்கியது என்றால்தான் கார்டு கேட்பார்கள்; ஏறியது என்றால் வயர்லெஸ்ஸே போதும். ஆம் என்றால் நாளை மறுநாள் கப்பல் நிற்காது. கப்பலில்தான் இந்த வார மருந்து வருகிறது. நிற்காவிட்டால் பிள்ளைக்கு அதுவும் இல்லை. ஆகவே இல்லை என்பதுதான் பிள்ளைக்கு நல்லது. இரண்டு நாள் தாங்கிவிட்டால் போதும். இப்படித்தான் அவர் கணக்குப் போட்டார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கைப் போட்டது டாக்டரா, நீலாவதியின் புருஷனா என்று கேட்டால், சாகும்வரை அவருக்கே தெரிந்திருக்காது.

"க்யா போலூம், சாப்? என்ன சொல்ல?" என்றார் போலீஸ்காரர்.

"இல்லைன்னு சொல்லுங்க."

புதன்கிழமை மதியம் சரசு இறந்துபோனாள்.

வியாழக்கிழமை கப்பல் நின்றது. ஆறு பேருக்கு மருந்து இறங்கியது, வெங்காயம் இறங்கியது, நீலாவதி இறங்கினாள். சுண்ணாம்பு அடித்த வீட்டில் அவள் சமைத்த முதல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. அவள் கேட்டாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், வயர்லெஸ் உட்பட.

நீலாவதி கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் வர்றதுக்காகவா?" என்றாள்.

"தெரியலை, நீலா. மருந்து வரணும்னுதான் நினைச்சேன். நீ வரணும்னும் நினைச்சேன்."

"இப்படின்னு தெரிஞ்சிருந்தா நான் அந்தக் கப்பல்ல ஏறியே இருக்க மாட்டேனே." அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் எத்தனை பிள்ளைங்க படுத்திருக்கு?"

"இருபத்தொண்ணு."

"அப்ப இங்க உக்காந்து என்ன பண்றீங்க? திரும்புற கப்பல்ல போங்க. அந்த ஆபீஸ்ல போய் உள்ளதைச் சொல்லுங்க. மருந்து வாங்கிட்டு வாங்க. நானும் கம்பவுண்டரும் பாத்துக்கிறோம்."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் கணிப்புப் பிரிவின் வாசலில் நின்றார். தண்டனை வாங்கத்தான் போனார். வேலை போகட்டும், ஜெயிலில் போடட்டும், எதற்கும் தயாராக இருந்தார்.

"வாங்க முன்மாதிரி டாக்டர்!" என்று திருநாவுக்கரசு எழுந்து நின்றார். "காபியா, டீயா?"

"சார், நான் பொய் எழுதினேன்."

"நீங்க எழுதினது கார்டு."

"பதினேழு அம்மை. ஆறுன்னு எழுதினேன். மூணு வருஷமா எல்லாக் கட்டத்துலயும் அப்படித்தான். வயர்லெஸ்லயும் பொய் சொன்னேன். ஒரு குழந்தை செத்துப்போச்சு, சார்."

அதிகாரியின் முகம் வெளுத்தது. "ஆறு பேர்ல ஒண்ணா?"

"இல்லை. வெயிட்டிங்ல இருந்துச்சு."

"அப்பாடா!" என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். "பயமுறுத்திட்டீங்களே. கார்டுல இல்லாத குழந்தை எப்படி டாக்டர் சாகும்? வருத்தமான விஷயம்தான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அது உங்க சொந்த வருத்தம். ஆபீஸ் வருத்தம் ஆகாது."

"எனக்குத் தண்டனை கொடுங்க, சார்."

"எதுக்கு? தப்பான எண்ணிக்கைக்குத்தானே தண்டனை? உங்க ஆறை நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன். நான் சரிபார்த்த எண் எப்படித் தப்பாகும்? அந்த ஆறை வச்சு அறிக்கை அச்சாகி டில்லிக்கே போயாச்சு. உங்க மனசாட்சி ரொம்ப உசந்தது, டாக்டர். அதை எழுத்துல மட்டும் கொடுத்துடாதீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மனசு சரியில்லைன்னா இப்படி ஜன்னல் பக்கம் வந்து கொஞ்சம் கடலைப் பாருங்க. நான் அப்படித்தான் பண்ணுவேன். அதோ, நம்ம லாஞ்ச்."

ஃபீனிக்ஸ் பே ஓரத்தில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு விசைப்படகு நின்றது. புதுப் பெயிண்ட் பளபளத்தது.

"எந்தத் தீவுலயாவது ஏழுன்னு கார்டோ வயர்லெஸ்ஸோ வந்தா அடுத்த மணி நேரத்துல இது கிளம்பணும். பெட்டி பெட்டியா மருந்து, ஒரு நர்ஸு, நாலு சிப்பந்தி. முதல்முதல்ல நீங்க எட்டுன்னு எழுதினீங்களே, ஞாபகம் இருக்கா? அதைக் காட்டித்தான் நான் இதையே சாங்ஷன் வாங்கினேன். கப்பல் நிக்கலைன்னா ஜனங்க என்ன செய்யும், பாவம்! வந்து மூணு வருஷமாகப் போகுது. ஒரு தடவைகூடக் கிளம்பலை." அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "அவ்வளவு ஆரோக்கியம்!"

டாக்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்களுக்கு... எங்களுக்கு யாரும் சொல்லலையே, சார்."

"சொல்லலையா? சுற்றறிக்கை எண் நாற்பத்திரண்டு. பதினொரு தீவுக்கும் போச்சு." நோட்டைப் புரட்டிக் காட்டினார். பெற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் எஸ். சிவஞானம் என்று அவருடைய கையெழுத்தே இருந்தது.

அந்தத் தாள் எங்கே போயிருக்கும் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பொடி சிந்தாத நல்ல கனத்த தாள். இதுவரை அவர் பாதிப் பழியை அந்த ஆபீசின் மேல் போட்டு வைத்திருந்தார். நியாயமாகத்தான் போட்டிருந்தார். இப்போது பார்த்தால், இத்தனை கோணலான ஆபீசிலிருந்து ஒரே ஒரு உருப்படியான காகிதம் வந்திருக்கிறது, அதை அவர் படிக்கவில்லை. வயர்லெஸ்காரர் ஆமா, இல்லையா என்று கேட்டபோது, ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

"லாஞ்ச்சை இப்ப அனுப்புங்க, சார். இருபத்தொண்ணு பிள்ளைங்க படுத்திருக்கு."

"எப்படி அனுப்ப? போன கார்டுல ஆறுன்னு இருக்கே. இப்ப அது கிளம்பினா, இத்தனை நாள் ஏன் கிளம்பலைன்னு கேப்பாங்க. யோசிச்சுப் பாருங்க."

டாக்டர் யோசிக்கவில்லை. மேஜை மேலிருந்த மஞ்சள் கார்டு ஒன்றை எடுத்தார். கட்டைத் தீவு, அம்மை, இருபத்தொன்று என்று நின்றபடியே எழுதினார். வெளியே வந்து, தபால் வாங்கும் குமாஸ்தா ராஜமாணிக்கத்தின் முன்னால் வைத்தார். ராஜமாணிக்கம் முப்பது வருஷ சர்வீஸ். முன்னால் எது வந்து விழுந்தாலும் தலை நிமிராமல் முத்திரை குத்துபவர். குத்தினார், நம்பர் போட்டார், நோட்டில் ஏற்றினார்.

பின்னாலேயே ஓடிவந்த திருநாவுக்கரசு முத்திரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். முத்திரை விழுந்துவிட்டால் அதற்கு மேல் எந்த மனுஷரால் என்ன செய்ய முடியும்? "ஏன்யா, படிச்சுப் பாக்க மாட்டியா?" என்று ராஜமாணிக்கத்தைக் கேட்டார்.

"படிக்கிறது என் சீட்டு வேலை இல்லீங்களே, சார்" என்றார் ராஜமாணிக்கம்.

பகல் பன்னிரண்டுக்கு லாஞ்ச் கிளம்பியது. முதல் பயணம் என்பதால் தேங்காய் உடைத்தார்கள். திருநாவுக்கரசு மனசைத் தேற்றிக்கொண்டு, நம் முன்னெச்சரிக்கை ஏற்பாடு மின்னல் வேகத்தில் செயல்படுகிறது என்று சிப்பந்திகளுக்கு ஒரு சொற்பொழிவுகூட ஆற்றினார். டாக்டர் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். கட்டைத் தீவு ஜெட்டியில் கயிறு விழுந்தபோது மணி ஐந்து. ஐந்து மணி நேரம். செவ்வாய்க்கிழமை காலை வயர்லெஸ் வந்தபோது மணி ஒன்பதரை. கூட்டிப் பார்த்தார்; வேண்டாம் என்று நினைத்தும் மனம் கூட்டியது.

ஊர் முழுக்க ஜெட்டியில் திரண்டிருந்தது. நீலாவதி பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்திருந்தாள். நர்ஸ் இறங்கியதும் வேலையை ஆரம்பித்துவிட்டாள். யாருக்கு இடம், யார் வெயிட்டிங் என்று அவள் கேட்கவில்லை. பன்னீர்செல்வம் லிஸ்டை நீட்டியபோது அது என்னவென்றே அவளுக்குப் புரியவில்லை.

புஷ்பம் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் வந்தாள். பிள்ளையின் நெற்றியில் இரண்டு மூன்று தடிப்பு தெரிந்தது.

"இவனுக்கும் போட்டுருக்குங்கய்யா" என்றாள். அழுது ஓய்ந்த குரல். "இந்தத் தடவ பாத்த ஒடனே தூக்கியாந்துட்டேன். அவளுக்குத்தான் புதன்கெழம வரைக்கும் வேர்க்குருன்னு இருந்துட்டேன். மொதல்லயே வந்து பேரு குடுத்திருந்தா எடம் கெடச்சிருக்கும். என் தப்புதான். ஒங்களச் சொல்லி என்ன பண்றது? ஆறு பேருதானே எழுத முடியும்."

டாக்டர் தொட்டுப் பார்க்கட்டும் என்று பிள்ளையை முன்னால் நீட்டினாள். புஷ்பம் லாஞ்ச்சைப் பார்த்தாள்.

"இது எப்பக் கூப்பிட்டாலும் வருமாங்கய்யா?"

பக்கிரிசாமி சட்டென்று குறுக்கே வந்தார். டாக்டரின் முகத்தைப் பார்த்தே அவருக்கு விஷயம் பாதி விளங்கியிருக்க வேண்டும். "புது லாஞ்ச்சும்மா இது. இப்பத்தான், இந்த வாரந்தான் வாங்கியிருக்காங்க."

"அதானே!" என்று புஷ்பம் பெருமூச்சு விட்டாள். "அப்பவே இருந்திருந்தா ஐயா கூப்புடாம இருந்திருப்பாரா?"

அங்கேயே விட்டிருக்கலாம். அவள் நம்பிவிட்டாள். நம்பியதில் அவளுக்கும் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. பக்கிரிசாமி டாக்டரின் கையைப் பிடித்து அழுத்தினார். நாலடி தள்ளி நீலாவதி நிமிர்ந்து பார்த்தாள்.

"மூணு வருஷமா இருக்கு, புஷ்பம்" என்றார் டாக்டர். "அன்னைக்கு வயர்லெஸ்ல கேட்டாங்க. நான்தான் கூப்பிடலை."

புஷ்பம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று அவர் காத்திருந்தார். அதற்காகத்தான் போர்ட் பிளேயர் வரைக்கும் போய் வந்தார். அவளோ, அவர் தொட்டுப் பார்ப்பதற்காக நீட்டியிருந்த பிள்ளையைத் திரும்ப எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். போய் நர்ஸின் வரிசையில் கடைசி ஆளாக நின்றாள்.